வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் எழுத வேண்டிய தாள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளுக்கும் நடுநிலைப் பள்ளிகளுக்கும் சென்று மாற்றுத்திறன் மாணவர்களுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியர் நான். ஜூன் மாதம் பள்ளி திறந்து சில வாரங்கள் கழிந்ததும் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் ஒரே விதமாக இருக்கும். "டீச்சர், இன்னைக்கும் பையைத் தூக்கி எறிஞ்சுட்டான். மத்த பிள்ளைங்கல்லாம் பயப்படுதுங்க. அவங்கம்மாவை வரச் சொல்லிட்டோம். நீங்களும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க." இப்படிச் சொல்பவர் குழந்தைகள் மேல் அன்பில்லாதவர் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் இருவரே கவனித்துக்கொண்டு, பதிவேடுகளையும் எழுதி, சத்துணவையும் மேற்பார்வை பார்க்கும் ஒருவருக்கு, எறியப்பட்ட பை அடுத்த குழந்தையின் நெற்றியில் பட்டுவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் இருப்பது நியாயம்தான். ஆனால் அம்மாவை வரவழைத்துப் பிள்ளையை ஒப்படைப்பது, எல்லாருக்கும் நிம்மதி தருவதாகத் தோன்றினாலும், அந்த நடத்தையை வேரூன்றச் செய்யும் செயல்களில் முதன்மையானது என்பதை நான் பல பள்ளிகளில் பார்த்துவிட்டேன்.

நடத்தை ஆதரவுத் திட்டம் என்று எங்கள் துறையில் சொல்வது ஒரு தாளையோ இரண்டு தாள்களையோதான். ஒரு குழந்தையின் கடினமான நடத்தை எந்த நேரத்தில், எதைத் தொடர்ந்து, யார் முன்னிலையில் நிகழ்கிறது, அதனால் அக்குழந்தைக்கு என்ன கிடைக்கிறது என்பதைக் கவனித்து எழுதி, அதே பயனை யாருக்கும் தீங்கில்லாத வேறு வழியில் பெறுவதற்கு அக்குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கவும், பெரியவர்கள் தம் பக்கத்தில் எவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதைக் குறிக்கவும் எழுதப்படும் தாள் அது. தாளின் பெரும்பகுதி ஆசிரியர், பெற்றோர், சத்துணவுப் பணியாளர் ஆகியோர் செய்ய வேண்டியவற்றாலேயே நிரம்பும். குழந்தை செய்ய வேண்டியது அதில் ஒன்றோ இரண்டோதான். இதைக் கேட்டதும் சிலர் முகம் சுளிப்பார்கள், "தப்புப் பண்றது அவன், மாற வேண்டியது நாங்களா?" என்று நேராகவே கேட்டவர்களும் உண்டு. ஏழு வயதுப் பிள்ளையையும் நாற்பது வயது ஆசிரியரையும் ஒரே தட்டில் வைத்து, முதலில் யார் மாறுவது எளிது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும் என்பதே என் பதில்.

திட்டத்தின் முதல் வரியிலேயே பலருக்குச் சிக்கல் வருகிறது. "அடங்க மாட்டான்", "மூர்க்கம்", "சேட்டை அதிகம்" என்று எழுதி என்னிடம் தருவார்கள். இவை தீர்ப்புகள்; இவற்றை எண்ணவும் முடியாது, அடுத்த மாதம் குறைந்ததா கூடியதா என்று ஒப்பிடவும் முடியாது. "கைக்கு எட்டும் பொருளை எடுத்து எறிகிறான், எறிந்தபின் தன் வலது மணிக்கட்டைக் கடிக்கிறான்" என்று எழுதினால், பார்த்திராத ஒருவரும் அதைப் பார்த்தவுடன் அடையாளம் காண்பார். செகந்திராபாத்திலுள்ள, அறிவுசார் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தில் ரீட்டா பெஷாவரியாவும் எஸ். வெங்கடேசனும் 1992இல் இந்தியக் குழந்தைகளுக்கென உருவாக்கிய பேசிக்-எம்.ஆர். என்ற அளவுகோலின் இரண்டாம் பகுதியில், 75 நடத்தைகள் 10 தலைப்புகளின்கீழ் இவ்வாறே கண்ணுக்குத் தெரியும் செயல்களாகப் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. எங்களைப் போன்ற சிறப்பாசிரியர்கள் பயிற்சிக் காலத்தில் கற்றுக்கொண்ட அந்த அளவுகோல், அறிவுசார் குறைபாட்டை 'எம்.ஆர்.' என்று சுருக்கிச் சொல்லும் அதன் பெயர் பழையதாகிவிட்டாலும், எப்படிப் பார்த்து எப்படி எழுத வேண்டும் என்ற ஒழுக்கத்தைக் கற்றுத்தருவதில் இன்றும் பயன்படுகிறது.

ஒரு பையனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

அவன் மூன்றாம் வகுப்பு. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உண்டு. பேச்சு சில சொற்களோடு நின்றுவிடும். செட்டிநாட்டில் பல ஊர்களில் உள்ளதுபோல அந்தப் பள்ளியும் நகரத்தார் கொடையில் பல பத்தாண்டுகளுக்கு முன் எழுந்தது. உயர்ந்த கூரையும் கல் தூண்களும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் கொண்ட நீண்ட கூடம். அதில் கரும்பலகைத் தட்டிகளை வைத்து மூன்று வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். வெயில் காலத்தில் அவ்வளவு குளுமையான இடம் அந்த ஊரில் வேறில்லை. ஆனால் ஒரு வகுப்பில் கைதட்டிப் பாடினால் அந்த ஓசை கூரையில் மோதிக் கூடம் முழுவதும் சுற்றி வரும். 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபின் ஒன்று முதல் மூன்று வரையுள்ள வகுப்புகளில் பாட்டும் ஆட்டமும் செயல்பாடும் மிகுந்திருக்கின்றன. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது நல்லதே. இவனைப் போன்ற ஒரு குழந்தைக்கு அதே பத்து நிமிடங்கள் காதுக்குள் பறை அடிப்பதற்கு ஒப்பாகிவிடலாம்.

வகுப்பாசிரியரிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து நான்கு கட்டங்கள் போட்டுக்கொள்ளச் சொன்னேன்: நேரம், அதற்கு முன் நடந்தது, அவன் செய்தது, அதற்குப் பின் நடந்தது. நடத்தை நிகழும்போதே எழுத எந்த ஆசிரியராலும் முடியாது. ஆகவே இடைவேளையிலும் உணவு நேரத்திலும் நினைவிலிருப்பதை இரண்டு வரிகளில் எழுதினால் போதும் என்று ஏற்பாடு. சில வாரங்களில் அந்த நோட்டு பேசத் தொடங்கியது. எறிதல் பெரும்பாலும் முற்பகலில், எழுத்துக் கணக்கு கொடுக்கும் நேரத்தில், அடுத்த தட்டிக்கு அப்பால் பாட்டு நடக்கும்போது நிகழ்ந்திருந்தது. மற்றொன்றை நானும் எதிர்பார்க்கவில்லை. வாரத்தில் சில குறிப்பிட்ட நாட்களில் அது கூடியிருந்தது. அந்த நாட்கள் எவை என்று பார்த்தபோது, முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா வரும் நாட்களாக இருந்தன. உப்புமாவின் பதம் நாக்கில் பட்டதும் அவன் துப்பிவிடுவான் என்று சமையல் செய்யும் அக்கா சாதாரணமாகச் சொன்னார். வீட்டில் அம்மா விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுவதால், பள்ளியில் சாப்பிட்டுக்கொள்வான் என்று நம்பி ஒன்றும் கொடுத்தனுப்புவதில்லை. ஆக, வெறும் வயிற்றோடு, எதிரொலிக்கும் கூடத்தில், தன்னால் முடியாத கணக்கின் முன் உட்கார்ந்திருந்த பிள்ளையைத்தான் நாம் மூர்க்கம் என்று அழைத்துக்கொண்டிருந்தோம்.

நோட்டின் நான்காம் கட்டத்தில் கீழிறங்கிப் படித்தால் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்தது: "அம்மா வந்து அழைத்துச் சென்றார்."

அவனுடைய இடத்திலிருந்து இதைப் பார்க்க வேண்டும். ஓசை தாங்கவில்லை, கணக்கு புரியவில்லை, பசிக்கிறது, "எனக்கு இங்கிருந்து போக வேண்டும்" என்று சொல்ல வாயில் சொல் இல்லை. பையை எறிகிறான். அரை மணி நேரத்தில் ஓசை நின்றுவிடுகிறது, கணக்கு மறைந்துவிடுகிறது, அம்மா வந்து தூக்கிக்கொள்கிறாள், வீட்டில் சோறு கிடைக்கிறது. எறிதல் என்ற ஒரு செயலுக்கு இத்தனை பலன்களையும் நாமே வரிசையாகக் கொடுத்துவிட்டு, அவன் ஏன் நிறுத்தவில்லை என்று வியக்கிறோம். அம்மாவின் பக்கமும் இருக்கிறது. அவர் பலகாரம் செய்யும் ஒரு சமையற்கட்டில் கூலிக்கு முறுக்குப் பிழிகிறவர். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கும்போது பள்ளியிலிருந்து போன் வந்தால் அப்படியே விட்டுவிட்டு வர வேண்டும்; அன்றைய அரை நாள் கூலி போகும். "ஸ்கூல் நம்பரைப் பார்த்தாலே நெஞ்சு அடைச்சுக்கிட்டு வருது டீச்சர்" என்றார் ஒருமுறை. முகூர்த்த மாதங்களில் சீர்பலகார வேலை நெருக்கும்போது இப்படிப் போனவரை எத்தனை நாள் வேலையில் வைத்திருப்பார்கள்?

ஒரு நடத்தை எதற்குப் பயன்படுகிறது என்பதே மையக் கேள்வி என்ற கருத்து எங்கள் துறையில் அரை நூற்றாண்டுக்கும் குறைவான வயதுடையது. பிரையன் இவாட்டாவும் அவருடைய குழுவினரும் 1982இல், தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் குழந்தைகளை வெவ்வேறு சூழல்களில் வைத்துப் பார்த்து, ஒரே நடத்தை ஒரு குழந்தையிடம் கவனத்தைப் பெறவும், இன்னொரு குழந்தையிடம் வேலையிலிருந்து தப்பவும், வேறொரு குழந்தையிடம் எவரும் இல்லாதபோதும் தன் உடல் உணர்வுக்காகவும் நிகழ்கிறது என்று காட்டினார்கள். 1985இல் எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் அடுத்த அடியை எடுத்து வைத்தார்கள்: வேலை கடினமானதால் குழப்பம் செய்யும் குழந்தைக்கு உதவி கேட்கும் வாசகத்தையும், கவனத்துக்காகச் செய்யும் குழந்தைக்குக் கவனத்தை வேண்டும் வாசகத்தையும் கற்றுக்கொடுத்தபோது குழப்பம் குறைந்தது. காரணத்துக்குப் பொருந்தாத வாசகத்தைக் கற்பித்தால் பயனில்லை என்பதும் அவர்கள் ஆய்விலேயே தெரிந்தது. இன்று நாங்கள் எழுதும் திட்டங்களில் "மாற்று நடத்தை" என்ற பகுதி வருவதற்கு இந்த ஆய்வே அடிப்படை.

நம் பையனுக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த மாற்று நடத்தை ஓர் அட்டை. பழைய கல்யாணப் பத்திரிகையின் தடித்த அட்டையை வெட்டி, அதன் பின்பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டும் படம் ஒட்டி, கீழே "போதும்" என்று எழுதி, பெஞ்சின் வலது மூலையில் நாடாவால் கட்டினோம். நம் பக்கத்து வீடுகளில் பத்திரிகைகளுக்குப் பஞ்சமில்லை. கிழிந்தால் அடுத்த நாளே புதிது செய்துவிடலாம். அட்டையைத் தொட்டால் உடனே எழுந்து தூணடிக்குப் போகலாம். அங்கே குளிர்ந்த கல்லில் உட்கார்ந்து, பதித்திருக்கும் பூவின் இதழ்களை விரலால் வரைந்துகொண்டிருப்பது அவனுக்குப் பிடித்தமானது. முன்பு அதையும் ஒரு குறையாக எனக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். யாருக்கும் தீங்கு செய்யாத, அவனை அமைதிப்படுத்துகிற ஒரு பழக்கத்தை நிறுத்தத் திட்டம் எழுத மாட்டேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன். சில நிமிடங்கள் கழித்துத் திரும்பி வந்து, விட்ட கணக்கில் ஒரே ஒரு வரியைச் செய்ய வேண்டும். இந்த ஒரு வரி முக்கியம். அது இல்லாவிட்டால் அட்டையும் வீட்டுக்குப் போவதைப் போலவே வேலையை அழித்துவிடும் கருவியாகிவிடும்.

புதிய வழி பழைய வழியைவிட எளிதாகவும் விரைவாகவும் இருக்க வேண்டும்; இல்லையென்றால் எந்தக் குழந்தையும் பழையதைத்தான் எடுக்கும். எறிய ஒரு நொடி போதும். அட்டையைத் தொட்டும் ஆசிரியர் கவனிக்க ஐந்து நிமிடமானால் அட்டை தோற்றுப்போகும். அதனால் தொடக்கத்தில் எத்தனை முறை தொட்டாலும், பாதி வரியில் தொட்டாலும், உடனே அனுப்ப வேண்டும் என்று எழுதினோம். எறிவதற்கு முன் தெரியும் அறிகுறி எது என்பதைக் கண்டுபிடித்தால்தான் சரியான கணத்தில் அட்டையை நினைவூட்ட முடியும். நாங்கள் பார்த்துப் பார்த்தும் பிடிபடாத அதை அவனுடைய அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "தோளை வச்சுக் காதைத் தேய்ப்பான் பாருங்க டீச்சர், அப்ப ஏதாச்சும் கையில இருந்தா வாங்கிப்புடணும். அடுத்தது எறியத்தேன்." அந்த வாக்கியத்தை அப்படியே திட்டத்தில் எழுதிக்கொண்டேன். வீட்டில் குழந்தையோடு அதிக நேரம் இருப்பவரைக் கூட்டத்துக்கு அழைக்காமல் எழுதப்படும் திட்டங்களில் இந்த வரிதான் இல்லாமல் போகிறது.

மற்ற மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். உப்புமா நாட்களில் முந்தின இரவே மாவு எடுத்துவைத்து அப்பத்தா இட்லி ஊற்றிக் கொடுத்தனுப்புவது. பாட்டு நேரம் தொடங்குவதற்கு முன் அவனையும் ஒரு வகுப்புத் தோழனையும் தலைமையாசிரியர் அறைக்கு வருகைப் பதிவேட்டைக் கொண்டுபோக அனுப்புவது. இருக்கையைக் கூடத்தின் ஓரத்துக்கு, முற்றத்தை ஒட்டி மாற்றுவது. கணக்குத் தாளை நான்கு துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றாகக் கொடுப்பது. இவற்றில் பணம் செலவானது ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்தால் எறிதலுக்கான தேவையே பாதியளவு குறைந்துவிடும் என்பது என் அனுபவம். குழந்தைக்குக் கற்பிப்பதை இதற்குப் பிறகே தொடங்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது, எறிந்தாலும் இனி வீட்டுக்கு அனுப்பமாட்டோம் என்ற முடிவு. காய்ச்சல், காயம் ஆகிய இரண்டுக்கு மட்டுமே அம்மாவுக்குப் போன். எறிந்தால் மற்றப் பிள்ளைகளை அமைதியாக நகர்த்திவிட்டு, திட்டாமல், பேச்சை வளர்க்காமல், அவன் தணிந்ததும் பொருளை அவனோடு சேர்ந்து எடுத்து வைத்து, வேலையின் மிகச் சிறிய பகுதியைச் செய்ய வைத்துப் பிறகு ஓய்வு கொடுக்க வேண்டும். இதுவரை பலித்து வந்த ஒன்று திடீரெனப் பலிக்காமல் போகும்போது குழந்தை அதையே இன்னும் பலமாகச் செய்து பார்க்கும். இந்த உச்சம் வரும் என்பதை முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லிவைக்காத திட்டங்கள் முதல் வாரத்திலேயே கைவிடப்படுகின்றன. அப்படிக் கைவிடும்போது, இன்னும் ஓங்கி எறிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்ற புதிய பாடத்தையும் குழந்தைக்குக் கற்றுத்தந்துவிடுகிறோம். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் "கொஞ்ச நாளைக்கு யார் வந்து கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன், நீங்க செய்யுங்க" என்று வகுப்பாசிரியரிடம் சொன்னார். அந்த வாக்கியம் இல்லாமல் எங்கள் தாள் எதற்கும் ஆகியிருக்காது. எறிதல் முதலில் கூடியது. பிறகு மெல்லக் குறைந்தது. தூணடிக்குப் போவது அதிகரித்து, பிறகு அதுவும் குறைந்தது. மாசி பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவின் ஒலிபெருக்கியும் கொட்டும் வெடியும் தொடங்கியதும் மறுபடி கூடியது. ஆகையால் இப்போது அவனுடைய திட்டத்தில் ஊர்த்திருவிழா வாரங்களுக்கென்று தனிப் பத்தி இருக்கிறது.

இந்தத் திட்டம் நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு அதை நகலெடுத்து வேறொரு பள்ளியில், வேறொரு குழந்தைக்கு, பெயரை மட்டும் மாற்றி வைத்துவிட்டார்கள். அந்தக் குழந்தை நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண். அவளும் பொருளை எறிகிறாள் என்பதே ஒற்றுமை. அவளுடைய வகுப்பில் உட்கார்ந்து பார்த்தபோது, நோட்டைத் தள்ளிவிட்ட மறுகணம் அவள் கண்கள் ஆசிரியரின் முகத்தைத் தேடுவதைக் கண்டேன். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்க்கிறது. ஆசிரியர் பக்கத்தில் வந்து நிற்கிறார். திட்டானாலும் அந்த இரண்டு நிமிடங்கள் அவளுடையவை. மற்ற நேரமெல்லாம் அவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அப்படிப்பட்டவளை "போதும்" அட்டை காட்டித் தனியே அனுப்புவது, பசித்தவருக்கு இருக்கும் சோற்றையும் எடுத்துவிடுவதுதான். அவளுக்கு எழுதிய புதிய திட்டத்தில், பாட வேளைக்குள் சில முறை அவள் எதுவும் செய்யாமலிருக்கும்போதே ஆசிரியர் அருகில் சென்று பெயர் சொல்லிப் பேசவேண்டும் என்பதும், கையை உயர்த்தினால் உடனே கண்ணால் பார்த்துத் தலையசைக்க வேண்டும் என்பதும், நோட்டுகளை விநியோகிக்கும் பொறுப்பு அவளுடையது என்பதும் இடம்பெற்றன. தான் தள்ளிவிட்ட அதே நோட்டுகளை அடுக்கி வரிசையாகக் கொடுத்து வருவதில் அவளுக்கு எத்தனை கறார் என்பதைப் பார்த்தால்தான் நம்ப முடியும்.

திட்டமே தேவைப்படாத குழந்தைகளும் உண்டு. காதில் அறைந்துகொண்டே இருந்த ஒரு சிறுவனை அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டியபோது உள்ளே சீழ் பிடித்திருந்தது. மருந்து வேலை செய்ததும் அறைவது நின்றது. பேச்சில்லாத குழந்தையிடம் நடத்தை திடீரெனத் தொடங்கியதென்றால் பல், காது, வயிறு, மலச்சிக்கல், தூக்கம், அண்மையில் மாற்றிய வலிப்பு மாத்திரை ஆகியவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும். வலிப்புக்கான சில மருந்துகள் எரிச்சலையும் கோபத்தையும் கூட்டக்கூடியவை. அதற்காகப் பெற்றோர் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பலாம். மருந்து மாறிய நாளையும் நடத்தை மாறிய நாளையும் குறித்துக்கொண்டு எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே போக வேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 1997இல் திருத்தப்பட்ட மாற்றுத்திறன் குழந்தைகள் கல்விச் சட்டம் நடத்தையின் காரணத்தை ஆராய்வதையும் நடத்தைத் திட்டத்தையும் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. ஒழுங்கு நடவடிக்கை என்று ஒரு மாணவரைப் பத்துப் பள்ளி நாட்களுக்கு மேல் விலக்கிவைத்தால், அந்த நடத்தை அவருடைய குறைபாட்டிலிருந்து எழுந்ததா என்று பெற்றோரையும் வைத்துக்கொண்டு கூடி முடிவுசெய்ய வேண்டும். ஆம் எனில் திட்டம் எழுதியாக வேண்டும். நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு, முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று 16ஆம் பிரிவிலும், உடல் தண்டனையும் மன ரீதியான துன்புறுத்தலும் கூடாது என்று 17ஆம் பிரிவிலும் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளையும் தனிப்பட்ட ஆதரவையும் பள்ளிகள் தர வேண்டும் என்கிறது; நடத்தைத் திட்டம் என்ற பெயர் அந்தப் பிரிவில் இல்லாவிட்டாலும், அந்த ஆதரவின் ஓர் உருவம் அது என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் இந்தப் பிரிவுகள் எவற்றுக்கும் அகப்படாமல் நழுவுகிறது "அம்மாவை வரச் சொல்லிவிட்டோம்". காலையில் வருகைப் பதிவேட்டில் அவன் வந்ததாகக் குறித்தாகிவிட்டது. பதினொரு மணிக்கு அவன் வீட்டுக்குப் போனது எங்கும் பதிவாவதில்லை. ஆண்டு முடிவில் அந்தக் குழந்தையின் வருகை நிறைவாக இருக்கும், கற்றது ஒன்றும் இராது. அதனால்தான் நான் பொறுப்பேற்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், வீட்டுக்கு அனுப்பப்பட்ட நாளையும் மணியையும் காரணத்தையும் தனியாக ஒரு பக்கத்தில் எழுதிவைக்கச் சொல்கிறேன். தலைமையாசிரியர்கள் இதைத் தங்கள்மேல் வைக்கும் குற்றச்சாட்டு என்று முதலில் எண்ணுவதுண்டு. வட்டார வள மையத்தில் ஓர் உதவியாளருக்கோ, பயிற்சிக்கோ கோரிக்கை வைக்கும்போது இந்தப் பக்கமே சான்றாக நிற்கும் என்று விளக்கினால் ஒப்புக்கொள்கிறார்கள்.

குழந்தையைத் துப்பட்டாவால் நாற்காலியோடு கட்டிவைத்ததை ஓரிடத்தில் நேரில் பார்த்திருக்கிறேன். கீழே விழாமலிருக்க என்றார்கள். அவன் நடக்கத் தெரிந்த பிள்ளை. விழ மாட்டான், எழுந்து போவான், அவ்வளவுதான். அப்படிக் கட்டுவதையும் இருட்டறையில் வைப்பதையும் உணவை நிறுத்துவதையும் எந்தத் திட்டத்திலும் எந்தப் பெயரிலும் எழுதக் கூடாது. பரிசுகளைப் பற்றியும் எனக்குக் கறாரான கருத்து உண்டு. மாலையில் தருவதாகச் சொல்லும் சாக்லேட், முற்பகலில் தவித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது. அதுவரை ஏற்கெனவே அவனுக்கிருந்த விளையாட்டு நேரத்தைப் பிடுங்கி, ஒழுங்காயிருந்தால் திருப்பித் தருகிறேன் என்பது பரிசே ஆகாது.

ஒவ்வோர் ஆண்டும் பொது மாறுதல் கலந்தாய்வு வருகிறது. நன்றாக நடந்துகொண்டிருந்த ஒரு திட்டம் ஆசிரியரோடு சேர்ந்து அடுத்த ஒன்றியத்துக்குப் போய்விடுவதை இத்தொழிலில் எல்லாரும் பார்த்திருப்போம். திட்டம் ஆசிரியரின் மனதில் இல்லாமல் தாளில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம். நான் சொன்ன பையனின் வகுப்பாசிரியரும் இம்முறை மாறுதல் பெற்றுச் சென்றுவிட்டார். போவதற்கு முன் நோட்டையும் திட்டத்தையும் புதியவரிடம் கொடுத்து, எந்தக் கட்டத்தில் என்ன எழுதினேன் என்று உட்கார்ந்து விளக்கிவிட்டுத்தான் போனார். பையன் இப்போது நான்காம் வகுப்பு. கணக்குத் தாளில் மூன்று வரிகள் முடித்தபின் தூணடிக்குப் போகிறான். மறுபரிசீலனையை ஜூலை இரண்டாம் வாரத்துக்குக் குறித்திருக்கிறோம், அப்பத்தாவும் வருகிறார். அதற்குள் கடன் வாங்கிக் கழித்தல் தொடங்கிவிடும் என்பதால், அதுவரை மூன்று வரியை நான்காக்க வேண்டாம் என்று புதிய ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.